வாஷிங்டன் நிறுத்தினால் மாநிலம் போட வேண்டியதுதானே?

வாசகர் கேள்வி, 25 அக்டோபர் 2025

நம்ம ஊரில் மத்தியத் தொகுப்புக்குள் வராத ரேஷன் அட்டைக்கும் மாநில அரசு தன் காசில் அரிசி போடுகிறது. அமெரிக்காவில் நிதி ஒதுக்கீடு இல்லாமல் மத்திய அரசு முடங்கிக் கிடப்பதால், ஏழைகளுக்கான உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப் நவம்பர் 1 முதல் நிற்கப்போகிறது என்கிறார்கள். அங்கே பாதி மாநிலங்கள் ஒரு நாடு அளவுக்குப் பணம் வைத்திருப்பவை. வாஷிங்டன் தராவிட்டால் மாநிலமே அந்த அட்டையில் காசைப் போட்டுவிட வேண்டியதுதானே? எதற்கு இப்படிக் கையைப் பிசைகிறார்கள்?

25 அக்டோபர், இரவு

நான் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறேன். வாரநாளில் கணினி வேலை, சனி ஞாயிறு மச்சானின் மளிகைக் கடையில் கல்லா. அந்த உதவிப் பணம் ஏறும் இபிடி அட்டையை வாராவாரம் தேய்க்கிற இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், ரேஷன் கடையையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே கிடங்கில் மூட்டை இருக்கிறது. இங்கே மூட்டையே கிடையாது. ஸ்னாப் (ஃபுட் ஸ்டாம்ப்பின் இன்றைய பெயர்) என்பது அட்டையில் ஏறும் எண், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு என்று மாநில அலுவலகம் கணக்குப் போட்டு, அந்தப் பட்டியலை ஒரு தனியார் அட்டை நிறுவனத்துக்கு அனுப்பும். நான் அரிசிக்கு அட்டையைத் தேய்க்கும்போது கடைக்கு வருகிற பணம் மத்திய அரசின் கணக்கிலிருந்து வருகிறது. மாநிலக் கஜானா வழியாக அது போவதே இல்லை. ஆக மாநிலம் போட வேண்டும் என்றால் காசு இருந்தால் மட்டும் போதாது, குழாயும் புதிதாக இழுக்க வேண்டும். சட்டமன்றமோ ஆளுநரோ ஒதுக்க வேண்டும், அட்டை நிறுவனம் தன் மென்பொருளில் வேறொரு திட்டமாக அதைச் சேர்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று. மாநிலம் தன் காசைப் போட்டால் பின்னால் திருப்பித் தர மாட்டோம் என்று, இந்தத் திட்டத்தை நடத்தும் மத்திய வேளாண் துறை நேற்றைய குறிப்பிலேயே சொல்லிவிட்டது. மாதம் 800 கோடி டாலருக்கு மேல் போகிற திட்டம், 4 கோடியே 20 லட்சம் பேர். எந்த மாநிலமும் கை வைக்காது, பாருங்கள்.

28 அக்டோபர்

மேலே கடைசி வரியை அழிக்காமல் விடுகிறேன், எனக்கு ஒரு தண்டனையாக இருக்கட்டும். "எந்த மாநிலமும் கை வைக்காது" என்று நான் எழுதியதற்கு இரண்டு நாள் முன்பே, 23-ம் தேதி, நான் குடியிருக்கும் வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் யங்கின் இதற்காக அவசரநிலை அறிவித்துவிட்டார். சொந்த வீட்டுக் கூரையில் நடப்பதைப் பார்க்காமல் ஊர் நியாயம் பேசியிருக்கிறேன்.

வர்ஜீனியாவில் சுமார் எட்டரை லட்சம் பேர் ஸ்னாப் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மாநிலக் காசில், அதே அட்டையில், நவம்பர் 3 முதல் வாராவாரம் போடப்போகிறார்களாம். மாதத் தொகையில் ஏறக்குறைய கால்பங்கு ஒரு வாரத்துக்கு. திட்டத்தின் பெயரைச் சுருக்கினால் 'வீனா' என்று வருகிறது. மச்சான் அதை 'வீணா' என்றுதான் சொல்கிறார். வேண்டுமென்றே.

ஏன் வாரவாரம்? முடக்கம் எப்போது முடியும் என்று தெரியாதபோது மாதத்தையே கொடுத்துவிட்டால் பிறகு இரட்டைச் செலவு ஆகிவிடும் என்ற கணக்குதான். கடைக்காரன் பார்வையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதத் தொகை ஏறிய அன்று ஜனங்கள் 20 பவுண்டு அரிசி, பெரிய எண்ணெய் டின், 8 பவுண்டு துவரம் பருப்பு எடுப்பார்கள். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் 4 பவுண்டு பைதான் எடுப்பார்கள், பவுண்டு விலை கூட. ஏழைக்கு அரிசி எப்போதும் விலை அதிகம் என்று அப்பா சொல்வார். அவர் சொன்னது கடன் கணக்கு நோட்டு வைத்த பெட்டிக்கடைகளைப் பற்றி.

31 அக்டோபர்

மற்ற மாநிலங்கள். நியூ மெக்சிகோ 3 கோடி டாலரை நேராக அட்டையில் போடுகிறது. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஸ்னாப் வாங்கும் மாநிலம், வேறு வழியில்லை. வெர்மான்ட் 15 நாளுக்கு உரியதைத் தானே தருகிறது. லூயிசியானா முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்கு மட்டும் தருகிறது, உடல் வலு உள்ள பெரியவர்கள் வெளியே.

பெரிய மாநிலங்கள் வேறு பாதையில் போகின்றன. நியூயார்க் 6.5 கோடி டாலர் அறிவித்திருக்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அங்கே ஒரு மாதத்து ஸ்னாப் சுமார் 65 கோடி, ஆக பத்தில் ஒன்று, அதுவும் ஃபுட் பேங்க் எனும் இலவச உணவுக் கிடங்குகள் வழியாக. கலிஃபோர்னியா 8 கோடியை ஃபுட் பேங்குகளுக்குக் கொடுத்து, பொட்டலம் கட்ட தேசியக் காவல் படையையும் அனுப்புகிறது.

உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. மாநிலம் சிறிதாக இருந்தால் அட்டையில் போட முடிகிறது, பெரிதாக இருந்தால் மூட்டை கட்டுகிறது. வர்ஜீனியா மட்டும் நடுவில் நின்று வீம்பாக அட்டையில் போடுகிறது.

இன்று மாலை மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் இரண்டிலும் மத்திய நீதிபதிகள், ஸ்னாப்புக்கென்று இருக்கும் அவசர நிதியைத் தொடாமல் இருக்க முடியாது என்ற திசையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் விடிந்தால் 1-ம் தேதி.

1 நவம்பர், கடையை மூடிய பிறகு

வழக்கமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் கடையில் தள்ளுவண்டி கிடைக்காது. வர்ஜீனியாவில் வழக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து 1, 4, 7 தேதிகளில் அட்டையில் ஏறும். இன்று வண்டிகள் வரிசையாக வாசலிலேயே நின்றன.

வந்தவர்களில் பலர் கல்லாவுக்கு வந்து முதலில் பேலன்ஸ் பார்க்கச் சொன்னார்கள். ஒரு ஆப்கன் பெரியவர் இரண்டு முறை பார்க்கச் சொன்னார். இயந்திரம் தவறாகச் சொல்லியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. 3 டாலர் 18 சென்ட். ஒரு கட்டு கொத்தமல்லியும் இரண்டு எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு போனார்.

எங்களிடம் வாடிக்கையாக வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு. பை நிறைய எடுத்துவிட்டு, கல்லாவில் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். அரிசி மா இருந்தது, தேங்காய்ப்பால் திரும்பிப் போனது. நான் பார்க்காத மாதிரி ரசீதுச் சுருளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

2 நவம்பர்

நேற்று எழுதாமல் விட்டது. அக்கா போனபிறகு எனக்கு ரோஷம் வந்து, அட்டைப் பலகையில் 'இபிடி அட்டை உள்ளவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். இன்று காலை மச்சான் அதைக் கிழித்துவிட்டார்.

அவர் செய்தது சரி. ஸ்னாப் வாங்கும் கடைகளுக்கு ஒரு சமநடத்தை விதி உண்டு. அட்டைக்காரர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நடத்தக் கூடாது. அவமானப்படுத்தக் கூடாது என்பதற்காக வந்த விதி, சலுகை கொடுக்கவும் கூடாது என்று இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மீறினால் அட்டை வாங்கும் உரிமமே போகும். ஆக நல்லெண்ணத்தில் நான் கடையை மூட வைத்திருப்பேன்.

இப்போது அரிசிக்கும் பருப்புக்கும் எல்லோருக்கும் விலையைக் குறைத்திருக்கிறோம். டெஸ்லாவில் வருகிறவர்கள்தான் முதலில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

4 நவம்பர்

முதல் வாரக் கால்பங்கு நேற்று வந்துவிட்டது. மச்சான் வாயால் "வீணாகவில்லை" என்று சொல்ல வைத்தேன்.

மத்திய அரசும் அவசர நிதியில் இருக்கும் 465 கோடி டாலரை எடுத்துப் பாதித் தொகை தருவதாக நேற்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: "பாதி வந்தால் பரவாயில்லையே, கால்பங்கு மாநிலம், பாதி மத்தி, முக்கால் ஆச்சே." நானும் காலையில் அப்படித்தான் நினைத்தேன். மதியம் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலை சுற்றியது.

ஸ்னாப் கணக்கு இப்படி: குடும்ப அளவுக்கு ஓர் உச்சத்தொகை. அதிலிருந்து நிகர வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழிப்பார்கள், மிச்சம் அட்டையில். மூன்று பேர் வீட்டுக்கு இந்த ஆண்டு உச்சம் 785 டாலர். நிகர வருமானம் மாதம் 1,200 என்று வையுங்கள். 30 சதவீதம் 360. கழித்தால் 425.

இப்போது பாதியாக்குவது எதை? 425-ஐ அல்ல. விதிப்படி உச்சத்தொகையைத்தான் குறைக்க வேண்டும். 785-ல் பாதி 392. அதிலிருந்து அதே 360-ஐக் கழித்தால் 32 டாலர்.

32!

வருமானமே இல்லாத வீட்டுக்கு நிஜமாகவே பாதி கிடைக்கும். மணிக்கூலிக்குப் போய்ச் சம்பாதிக்கிற வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, சிலருக்குச் சுத்தமாகப் பூஜ்யம். இந்தக் கணக்கை 50 மாநிலங்களும் புதிதாக எழுதி ஏற்ற வேண்டும்.

6 நவம்பர், காலை

நேற்று இரவு பாதி 65 சதவீதமாகிவிட்டது. அதாவது உச்சத்தில் 35 சதவீத வெட்டு. மேலே சொன்ன வீட்டுக்கு 510 கழித்தல் 360, 150 டாலர். மாநில அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவனை நினைத்துப் பரிதாபப்படுகிறேன், தொழில் பாசம்.

8 நவம்பர்

ரோட் ஐலண்ட் நீதிபதி முழுத்தொகையையும் கொடு என்றார். நேற்று சில மாநிலங்கள் மளமளவென்று முழுத்தொகையை ஏற்றிவிட்டன. இரவோடு இரவாக உச்ச நீதிமன்றத்திலிருந்து நீதிபதி ஜாக்சனின் தற்காலிகத் தடை. இன்று வேளாண் துறை, ஏற்றியதைத் திரும்ப எடுங்கள் என்கிறது.

அரிசி வாங்கி உலையில் போட்டவரிடம் எதைத் திரும்ப எடுப்பது?

9 நவம்பர்

கேள்வி வந்திருக்கிறது: அந்த அட்டையில் என்னதான் வாங்கலாம், பிரியாணி வாங்கலாமா?

சூடாக விற்கும் சாப்பாடு கூடாது. எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற சமோசா ஆகாது, ஃப்ரீசரில் இருக்கிற அதே சமோசா ஆகும். சோப்பு, டயபர், விட்டமின் மாத்திரை ஆகாது. பூஜைக் கற்பூரத்தை ஒரு பாட்டி தேய்க்கச் சொல்லி என்னோடு சண்டையே போட்டார். பச்சைக் கற்பூரம் பாயசத்துக்குப் போடுவதுதானே என்று. நியாயமான வாதம், ஆனால் அவர் கையில் இருந்தது சூடம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: உண்ணும் பொருள் விளையும் விதையும் செடியும் வாங்கலாம். வெண்டை விதை, கீரை விதை, மிளகாய் நாற்று எல்லாம் ஆகும்.

13 நவம்பர்

அரசுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நேற்றிரவு கையெழுத்தாகிவிட்டது. 43 நாள் முடக்கம் முடிந்தது. ஸ்னாப்புக்கு அடுத்த செப்டம்பர் 30 வரை பணம் ஒதுக்கியாயிற்று.

16 நவம்பர்

"அதான் முடிந்ததே, இழையை மூடுங்கள்" என்கிறார் முதலில் கேள்வி கேட்ட அன்பர். மூடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு மாலை கடையிலிருந்து மிச்சக் காய்கறியைப் பக்கத்தில் இலவசமாக உணவுப் பை தரும் ஒரு பான்ட்ரியில் கொடுக்கப் போனேன். வரிசை வாகனம் நிறுத்துமிடத்தைச் சுற்றி இரண்டு மடிப்பு. ஆளுக்கு ஒரு பை: டின்னில் அடைத்த பீன்ஸ், சோளம், மாக்கரோனி, கடலை வெண்ணெய், டின் கோழி. யாரையும் குறை சொல்லவில்லை, தன்னார்வலர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு நேபாளி அம்மா, சைவம் போலிருக்கிறது, கோழி டின்னை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு அவருடைய சோளத்தை வாங்கிக்கொண்டார். வரிசை முழுக்க இந்தப் பண்டமாற்று நடந்தது.

ஃபுட் பேங்குகளின் கூட்டமைப்பே சொல்கிற கணக்கு: அவர்கள் ஒரு வேளை சாப்பாடு கொடுத்தால் ஸ்னாப் ஒன்பது வேளை கொடுக்கிறது. 31-ம் தேதி நான் நியூயார்க்கைக் கிண்டல் செய்த தொனியில் எழுதியது தொகையைப் பற்றி. இப்போது தொகையை விட வடிவம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரே 100 டாலர்தான். அட்டையில் இருந்தால் அக்கா இடியப்பத்துக்கு மா எடுப்பார், நேபாளி அம்மா பருப்பு எடுப்பார், ஆப்கன் பெரியவர் கொத்தமல்லி எடுப்பார். பையில் வந்தால் மூவருக்கும் மாக்கரோனி.

வர்ஜீனியா காசு குறைவாகவே போட்டிருந்தாலும் சரியான இடத்தில் போட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு அரசியல் ரீதியாகக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

17 நவம்பர்

மேலே எழுதியதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. அட்டை இல்லாதவருக்கு அட்டையில் போட்டு என்ன பயன்? விசா நிலைமையால் ஸ்னாப் கிடைக்காதவரும் அந்த வரிசையில்தான் நின்றார். பான்ட்ரி யாரிடமும் தாள் கேட்கவில்லை. சரி, இரண்டும் வேண்டும்.

14 டிசம்பர்

அக்காவைப் பற்றி. நவம்பர் முடக்கத்தில் தப்பியவர் இந்த மாதம், தகுதியை மீண்டும் சரிபார்க்கும் மறுபுதுப்பித்தலில் விழுந்துவிட்டார். அட்டையை வெட்டிவிட்டார்கள்.

இது முடக்கத்தோடு சம்பந்தமில்லாதது. ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவுச் சட்டத்தில் ஒரு பிரிவு. அகதிகள், தஞ்சம் கிடைத்தவர்கள் இனி அந்தத் தகுதியை மட்டும் வைத்து ஸ்னாப் வாங்க முடியாது, கிரீன் கார்டு வேண்டும். அக்காவுக்குத் தஞ்சம் கிடைத்திருக்கிறது, கிரீன் கார்டு இன்னும் விண்ணப்பத்தில். போதாக்குறைக்கு, இப்படிப்பட்டவர்களுக்குக் கிரீன் கார்டு வந்தாலும் கிடைக்காது என்று படிக்கும்படி அக்டோபர் 31-ல் ஒரு விளக்கக் குறிப்பு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டபின் இந்த மாதம்தான் திருத்தியிருக்கிறார்கள்.

அக்டோபரில் உங்களுக்குச் சொன்ன பதிலையும் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. "குழாய் புதிதாக இழுக்க வேண்டும்" என்றேனே, முன்பு ஒருமுறை இழுத்திருக்கிறார்கள். 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், குடியுரிமை இல்லாதவர்களில் பெரும்பாலோரை ஃபுட் ஸ்டாம்ப்பிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் அவர்களுக்கென்று சொந்தக் காசில் திட்டம் தொடங்கின, இன்றும் நடக்கிறது. அப்போது பெரும்பாலும் அட்டையில்லை, காகிதக் கூப்பன். 1997-ல் நாடாளுமன்றம் ஒரு வசதி செய்துகொடுத்தது: மாநிலம் மத்திய அரசுக்குப் பணம் கட்டி, அதே கூப்பனை வாங்கித் தன் ஜனங்களுக்குக் கொடுக்கலாம். கடைக்காரனுக்கு எது மத்தியக் கூப்பன், எது மாநிலக் கூப்பன் என்று தெரியவே தெரியாது. கூப்பனைக் கொடுக்கிற கைக்கும்தான்.

ஆக "மாநிலம் போட வேண்டியதுதானே" என்ற உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் அலட்சியமாக ஒதுக்கிவிட்டேன். வழி இருந்திருக்கிறது. இந்த முறை வாஷிங்டன் அதைத் திறந்துவைக்கவில்லை.

15 டிசம்பர்

விட்டுப்போனது. அதே ஜூலைச் சட்டம் உங்கள் ஆசையை வேறு விதத்தில் நிறைவேற்றுகிறது! 2027 அக்டோபர் முதல் மாநிலங்கள் கட்டாயமாகப் பணம் போட வேண்டும். தொகையைக் கணக்கிடுவதில் பிழை 6 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பங்கு ஸ்னாப் தொகையில் 5, 10, 15 சதவீதம் என்று ஏறும். 2024 நிதியாண்டில் நாட்டின் சராசரிப் பிழை 10.93 சதவீதம், அதாவது 15 சதவீதப் பங்கு கட்டுகிற வரிசை. பிழை என்றால் திருட்டு இல்லை, கூடக் கொடுத்ததும் குறையக் கொடுத்ததும் சேர்த்துத்தான். வேடிக்கை என்னவென்றால் பிழை மிக மிக அதிகமாக உள்ள மாநிலங்களுக்குச் சட்டம் கூடுதல் அவகாசம் தருகிறது. அலாஸ்கா 24.66. எங்கள் கல்லூரியில் 40 மார்க் எடுத்தவனைத் திட்டிவிட்டு 4 மார்க் எடுத்தவனுக்கு மறுதேர்வு வைத்த வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

10 ஜனவரி 2026

14 டிசம்பர் குறிப்பில் தவறு. "அட்டையை வெட்டிவிட்டார்கள்" என்று எழுதியதை இன்று அக்காவிடமே சொன்னேன். சிரித்துவிட்டார். "அட்டை சாகேல்லை தம்பி, மெலிஞ்சு போச்சு. பிள்ளையளுக்கு வருது, எனக்குத்தான் இல்லை."

பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள், குடிமக்கள். ஆகவே மூன்று பேர் வீடு கணக்கில் இரண்டு பேர் வீடாகிவிட்டது. சமையல் மட்டும் மூன்று பேருக்கு.

இன்று பேலன்ஸ் கேட்கவில்லை, கையில் ஒரு தாளில் கூட்டி வைத்திருந்தார். அரிசி மா, பயறு, பால், ஒரு தேங்காய்ப்பால் டின் அட்டையில். சோப்பு ரொக்கத்தில். கடைசியில் கல்லாப் பக்கத்துத் தொங்கலிலிருந்து கீரை விதை இரண்டு பாக்கெட் எடுத்து, "இதுவும் கார்டில போகுமோ?" என்றார். போகும் என்றேன். வெளியே ஒரு சாண் பனி கிடந்தது. ஏப்ரல் வரை விதைக்க முடியாதே அக்கா என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு மற்றச் சாமான்களோடு சேர்த்து வைத்தார்.